மாற்றுப் பெயருக்கு விழுந்த அடி

அவன் முதலில் லேப்டாப்பைத்தான் அடித்தான். கையில் வீல் ஸ்பேனர், ஜீப் டயர் கழற்றுகிற நல்ல கனமான இரும்பு. முதல் அடியில் திரை போயிற்று. அடுத்த அடியில் கீபோர்டு பெயர்ந்து எழுத்துகள் தரையெல்லாம் சிதறின. மறுபடி ஓங்கியபோது நான் குறுக்கே கையை நீட்டினேன். புத்தியுள்ளவர் யாரும் இரும்புக்குக் குறுக்கே கையை நீட்டமாட்டார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"எம் பொண்டாட்டி உங்கிட்ட என்னவெல்லாம் சொன்னாளோ அத்தனையும் எடுடி. இப்பவே அழி!"

அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இடது கையால் பாத்திரத்தைத் தூக்கி அவன் மேல் வீசினேன். கழுத்திலும் தோளிலும் பட்டது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, அலறிக்கொண்டே படியிறங்கி ஓடினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தால் அதையும் பின்னாலேயே வீசியிருப்பேன்.

நான் எலப்புள்ளிக்காரி. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. மூணாறைச் சுற்றியுள்ள தேயிலை எஸ்டேட்டுகளில் பெண்கள் வீட்டுக்குள் வாங்கும் அடிதான் என் ஆராய்ச்சி. தலைப்பு ஆங்கிலத்தில் நீளமாக, நாகரிகமாக இருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் உதை, சூடு, முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவது, வயிற்றில் மிதிப்பது. சித்திரபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி, கொழுந்து கிள்ளும் பெண்கள் வேலை முடிந்து வந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேசி ஒலிப்பதிவு செய்துவந்தேன். அவர்களுக்கெல்லாம் நான் டீச்சர்.

அவர்கள் இருப்பது லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். அதனால் அடி விழப்போகும் வீட்டில் முதலில் டிவி சத்தம் கூடும். அது கூடியதும் பக்கத்து வீட்டிலும் கூட்டிவிடுவார்கள். எங்கள் காதில் எதுவும் விழவில்லை என்று மறுநாள் சொல்ல வேண்டுமே. இந்த ஏற்பாட்டை யார் தொடங்கியதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லா லயத்திலும் இருந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி பேசியது வெளியே போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாதுகாப்பில் நான் ராட்சசி. ரெக்கார்டரில் பதிந்ததை அன்றன்றே லேப்டாப்புக்கு மாற்றி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, ரெக்கார்டரில் இருந்ததை அழித்துவிடுவேன். மூணாறுக்குப் போகும்போது, நெட் ஒழுங்காகக் கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கல்லூரி சர்வரில் ஒரு பிரதி ஏற்றுவேன். லேப்டாப் தொலைந்தாலும் சரக்கு தொலையாது. எடுத்தவனாலும் திறக்க முடியாது. பதிவில் எவருடைய உண்மைப் பெயரும் வராது, எல்லாம் மாற்றுப் பெயர்தான். எந்த மாற்றுப் பெயர் எந்தப் பெண்ணுடையது என்ற பட்டியல் இந்த இரண்டு இடத்திலும் கிடையாது. அது தனியாக ஒரு பென் டிரைவில், அதுவும் பூட்டுப் போட்டு, எலப்புள்ளியில் அம்மாவின் பீரோவுக்குள் இருந்தது.

"ஏங்கண்ணு, இத்துனூண்டு சாமானுக்கா இத்தன காவல்? நகைநட்டக்கூட நாம இப்பிடி வெச்சதில்லியே" என்றாள் அம்மா.

"அது ஆரு கைக்காச்சும் போச்சுன்னா ஒருத்தி உசுரு போயிரும்மா."

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பீரோவைத் திறக்கவே பயந்தாள். கல்யாணத்துக்குக் கட்டப் புடவை எடுக்க வேண்டுமென்றாலும் எனக்குப் போன் செய்து கேட்பாள். என்னோடு படித்தவர்கள் அப்படியில்லை. ஒருவன் தன் ஆராய்ச்சி முழுவதையும் பைக் சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினான். இன்னொருத்தி தன் பதிவுகளையெல்லாம் அண்ணன் போனுக்கு அனுப்பி வைத்திருந்தாள், இடம் போதவில்லையாம். இவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள்.

மாற்றுப் பெயர் விஷயத்தில் என் கைடு ஒரு யோசனை சொல்லியிருந்தார். பேசும் பெண்ணுக்கு நாமே ஒரு பொய்ப் பெயர் வைப்பது மரியாதையில்லை, அவளே தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. பெண்களுக்கு இன்னும் பிடித்தது. அழுகை தொடங்குவதற்கு முன்பு கொஞ்சம் சிரிக்கக் கிடைத்த இடம் அதுதான். ஒருத்தி சினிமா நடிகை பெயரைச் சொன்னாள். ஒருத்தி, மகளுக்கு வைக்க ஆசைப்பட்டு மாமியார் விடாத பெயரைச் சொன்னாள். எஸ்டேட் மேனேஜர் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டவளும் உண்டு.

அந்த லயத்தில் பேசிய ஒருத்தியைப் பாக்டரிக்காரர் மனைவி என்று சொல்கிறேன். அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். புருஷன் தேயிலை பாக்டரியில் வேலை பார்ப்பதால் அவள் பாக்டரிக்காரர் வீட்டம்மா. பக்கத்து வீட்டுக்காரன் மூணாறில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டினான், அதனால் அவன் மனைவி ஜீப்காரர் வீட்டம்மா. ஒருத்தியின் சொந்தப் பெயர் காலையில் மஸ்டரில் ஆள் கணக்கு எடுக்கும்போது மட்டும்தான் ஒலிக்கும். பிறகு மறுநாள் காலை வரை அது யாருக்கும் தேவைப்படாது. ஜீப்காரர் மனைவியிடமும் நான் பேசக் கேட்டிருந்தேன். "எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பெயர் என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாக்டரிக்காரர் மனைவி கிறிஸ்தவப் பெண். தனக்கு ஒரு இந்துப் பெயரைத் தேர்ந்தெடுத்தாள், யோசிக்கவே இல்லை, கேட்டதும் சொன்னாள். நன்றாக மறைந்துகொள்ளத்தான் வேறு மதத்துப் பெயர் கேட்கிறாள் என்று நினைத்து அவள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினேன். பிறகு அவள் பேசினாள்.

"டிவியக் கூட்டுனதும் தோட்டக் கழட்டுன்னு சொல்லுவாரு. ஒருக்கா அடிக்கும்போது காது கிழிஞ்சு தையல் போட்டாச்சு. அதுக்குப் பொறவு, முதல்ல தோடு. நானே ரெண்டையும் கழட்டி எவர்சில்வர் கிண்ணத்துல போட்டுட்டு வந்து நிப்பேன். கழட்டுற நேரந்தான் டீச்சர் கொடும. அடிகூடத் தாங்கிருவேன்."

அவள் புருஷனை நான் பார்த்திருக்கிறேன். வாயே திறக்காத மனிதர். ஞாயிற்றுக்கிழமை தேய்த்த வெள்ளைச் சட்டையோடு குழந்தைகளைக் கைப்பிடித்துச் சர்ச்சுக்குக் கூட்டிப்போவார். அதன் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிண்ணம்தான் என் கண்ணில் நின்றது.

பூட்டி வைத்தது எதுவும் வெளியே போகவில்லை. போனது பூட்டத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்த ஒன்று. என் ஆய்வின் ஓர் அத்தியாயத்தைப் பாலக்காட்டில் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். பெண்கள் பேசியதைப் பேசியபடியே தமிழில் கொடுத்திருந்தேன். பெயர்கள்தான் மாற்றியாயிற்றே என்று கைடு அச்செடுத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். யாரோ ஒரு மனம் இளகியவர் ஒரு பக்கத்தைப் போனில் படமெடுத்து, "படித்தபோது நெஞ்சு வலித்தது" என்று எழுதி வாட்ஸப்பில் போட்டார். பெயர்கள் மாற்றப்பட்டவை என்று பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த வரி அந்தப் படத்தில் வரவில்லை. நெஞ்சு வலித்தவருக்குக் கை ஆடியிருக்கும்.

நாலைந்து குழுக்கள் தாண்டி அந்தப் படம் மூணாறு ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தது. "இது உன் வீட்டுக் கதைல்லா, பேருகூடப் போட்டிருக்கு" என்று யாரோ ஒருவன் ஜீப்காரனிடம் நீட்டினான். பக்கத்தில் அவன் மனைவியின் பெயர். மூணாற்றுப் பக்கத்து லயம். சத்தம் கூட்டிய டிவி. அதற்குமேல் அவன் எதற்குப் படிக்கப்போகிறான்? ஏற்ற வந்த சுற்றுலாக்காரர்களை அப்படியே நிறுத்திவிட்டு ஜீப்பைத் திருப்பினான்.

அன்று காலை தோட்டத்தில் வேலை இல்லை, பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அவன் மனைவியை முடியைப் பிடித்து இழுத்துவந்து வாசல் குழாயடியில் போட்டு வீல் ஸ்பேனரால் அடித்தான். தோளில் காரை எலும்பு முறிந்தது. விலாவில் இரண்டு போயிற்று. உதடு கிழிந்து தொங்கியது. வலது காதுத் தோடு சதையோடு வந்துவிட்டது. "எந்த டீச்சர்ட்ட என்ன சொன்ன?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தானாம். "நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லல" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். உண்மையைச் சொன்னவளை இப்படி அடித்து நான் கேள்விப்பட்டதில்லை. அதை முடித்துவிட்டு, அதே ஸ்பேனரோடுதான் சித்திரபுரத்துக்கு என்னிடம் வந்தான்.

என் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட அதே ஆஸ்பத்திரியில்தான் அவளையும் சேர்த்திருந்தார்கள். பெண்கள் வார்டில் அவளைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பாதி புரிந்தது. கட்டில் தலைமாட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்தபோது மீதியும் புரிந்தது. பாக்டரிக்காரர் மனைவி தேர்ந்தெடுத்தது தன் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். கழுத்தில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெந்நீர் ஊற்றியதாக என் பேரிலும் புகார் கொடுத்திருந்தான். எஸ்ஐயிடம் அவன் சொன்ன நியாயம் இது: "சார், தோட்டக் கழட்டச் சொன்னேன்னு எழுதியிருக்கு. எம் புள்ளைக மேல சத்தியமா நான் அப்படிச் சொன்னதே இல்ல. நான் டிவிய மட்டுந்தான் கூட்டுவேன்."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவன் முகத்தில் பொய்ப் பழி சுமந்தவனுடைய வருத்தம் இருந்தது. உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று நான் யோசித்தேன். ஒரு கையால் முடியாது.

எஸ்ஐ மலையாளமும் தமிழுமாகப் பேசினார். "டீச்சரே, தோடு காரியம் இவன்டே வீட்டில இல்லைன்னா வேற வீட்டில நடந்தது. அப்போ அது சொன்னது வேற பெண். ஆ பெண்ணின் பேரு தந்தால் கேஸு எளுப்பம், சீக்கிரம் முடியும். இல்லையென்றால் தப்பான பேர் போட்டதுக்கு உங்க மேலயும் கேஸ் வரும்."

"கோர்ட் சொல்லட்டும் சார், அப்போது பார்க்கலாம்" என்றேன்.

வெளியே வந்து கைடுக்குப் போன் செய்தேன். பட்டியலைக் கொடுக்கவே கூடாது என்றார். உடனே, கல்லூரிப் பெயர் எங்காவது வருகிறதா என்று கேட்டார். நான் போனை அணைத்துவிட்டேன். பட்டியலைக் கொடுத்தால் பாக்டரிக்காரர் மனைவி செத்தாள். கொடுக்காவிட்டால், தான் சொல்லாத ஒன்றுக்கு எலும்பு முறிந்து கிடப்பவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து அன்று வார்டுக்கே போகவில்லை.

அவன் ஸ்டேஷனில் சொன்னது அவனோடு நிற்கவில்லை. ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எவனோ செய்ததற்கு நம்மவன் உள்ளே இருக்கிறான் என்று கோபம் அவர்களுக்கு. லயம் லயமாகப் போய், எந்த வீட்டில் அடிக்கும் முன்பு தோட்டைக் கழட்டுவார்கள் என்று விசாரித்தார்கள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தார்களாம். கொழுந்துக் காட்டில் பெண்கள் துண்டால் காதை மூடிக்கொண்டு வேலை பார்க்கத் தொடங்கினார்கள்.

பாக்டரிக்காரர் மனைவி என்னைத் தேடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். கையில் கஞ்சித் தூக்கு. அடிபட்டவளுக்கு முதல் நாளிலிருந்தே இவள்தான் கஞ்சி கொண்டுவருகிறாள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனேன்.

"உலகத்துல வேற பேரே கெடைக்கலயாக்கா உங்களுக்கு?"

"எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்த இல்ல டீச்சர். கோழிச் சண்ட, சாக்கடச் சண்ட, எல்லாம் உண்டு. நீங்க பேரு கேட்டதும் அவ பேருதான் வாயில வந்துச்சு. நாளெல்லாம் திட்டுத பேருல்லா. இந்த அடியெல்லாம் அவ பேருல விழட்டுமேன்னும் நெனச்சேன். தாள்லதான விழுதுன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு ஜீப்காரரு அவளப் போட்டு அடிக்கும்போது அந்தக் கடுதாசியச் சொல்லித்தான் அடிச்சாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் உள்ள போயி டிவியக் கூட்டிட்டேன்."

அவளை அறைய வேண்டும்போல இருந்தது. கை ஓங்கவும் செய்தது, மாவுக்கட்டுக் கை. அவள் ஒதுங்கவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை, பழக்கம்போல முகத்தை மட்டும் லேசாகத் திருப்பிக் காட்டினாள். என் கை தானாகக் கீழே விழுந்தது. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

"நான் சொன்னத அழிச்சிருங்க டீச்சர்" என்றாள். "எப்ப வேணாலும் அழிக்கச் சொல்லலாம்னு நீங்கதான சொன்னிய. நேத்து வேல முடிஞ்சு வந்து, அவரு ஒண்ணும் பேசல. என் காதையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"பிள்ளைகளையும் கூட்டிட்டு என் ரூமுக்கு வந்துருங்க."

"வந்தா நான்தான்னு ஆயிரும்லா."

அவள் சொன்னது சரி. அன்றே மூணாறுக்குப் போய், ஒரு நண்பரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, சர்வரில் இருந்த அவள் பதிவை அழித்தேன். லேப்டாப்பில் இருந்தது ஏற்கெனவே நொறுங்கிவிட்டது. அங்கிருந்து எலப்புள்ளிக்கு பஸ் ஏறினேன். அம்மா என் கையைப் பார்த்து, "ஆருடா இப்பிடிப் பண்ணுனது?" என்று ஓவென்று அழுதாள். நான் பீரோவைத் திறந்து பட்டியலில் அவளுடைய வரியை எடுத்துவிட்டேன். போலீஸ் கேஸ் நடக்கும்போது அழிப்பது எனக்கே வினையாக முடியலாம் என்று தெரியும். முடிந்தால் முடியட்டும். சொன்னவள் அழி என்றால் அழிப்பதாக வாக்குக் கொடுத்தது நான். இனி கோர்ட்டே கேட்டாலும் கொடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் படம் போன் போனாகப் போய்க்கொண்டிருந்தது. புருஷன் அவள் காதைப் பார்ப்பதை எந்த பாஸ்வேர்டும் நிறுத்தாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, இந்நேரம் லயத்தில் டிவி சத்தம் கூடியிருக்குமோ என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எஸ்ஐ வார்டில் இருந்தார். ஜீப்காரர் மனைவியிடம் வாக்குமூலம் வாங்க வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாக்டரிக்காரர் மனைவி கஞ்சி டம்ளரோடு நின்றிருந்தாள். உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று இருந்தது எனக்கு. ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் இரண்டு பேர் கதவோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"ஆ பேப்பரில் உள்ளது நீ சொன்னதல்ல, அப்படித்தானே?" என்றார் எஸ்ஐ. ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் எழுதிக்கொண்டு போய்விடுவார். அடுத்த வேலை, சொன்னவளைத் தேடுவது.

"நான்தான் சொன்னேன்" என்றாள் ஜீப்காரர் மனைவி. கிழிந்த உதட்டால் பேசுவது கஷ்டம். ஆனாலும் வார்டு முழுவதும் கேட்டது. "டிவி, தோடு, கிண்ணம், எல்லாம் நான் சொன்னதுதான்."

"அவன் தோடு காரியம் இல்லையென்னு சத்தியம் செய்கிறான்."

அவள் தலையைத் திருப்பி, பஞ்சு வைத்து ஒட்டியிருந்த வலது காதை அவருக்குக் காட்டினாள். "எப்பவும் கழட்டச் சொல்லுவாரு. அன்னைக்கு மட்டுந்தான் நேரம் குடுக்கல. பாருங்க."

எஸ்ஐ எழுதினார். பாக்டரிக்காரர் மனைவியின் கையிலிருந்த டம்ளரிலிருந்து கஞ்சி தளும்பிப் படுக்கையில் சிந்தியது. கதவோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி எல்லா லயத்துக்கும் போய்விட்டது: சொன்னது ஜீப்காரன் பொண்டாட்டியேதான். அதற்குப் பிறகு யாரும் எவள் காதையும் பார்க்கவில்லை. பாக்டரிக்காரர் வீட்டில் அடி நின்றதா என்று கேட்டால், நிற்கவில்லை. அன்று அவள் சாகவில்லை, அவ்வளவுதான்.

போலீஸ்காரரிடம் அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அதைப் பொய் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. ஆராய்ச்சியில் உண்மை என்பதைப் பற்றி வகுப்பில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். அன்று அந்த வார்டில் எனக்கு அவள் காலைத் தொட வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஜீப்காரர் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்தப் பேச்சுப் பிடிக்கிற மிஷின் இருக்கா?"

ரெக்கார்டர் பையில்தான் இருந்தது. "இருக்குதுங்கக்கா. ஆனா நீங்க பேசித்தான் ஆகணும்னு இல்ல."

"பேசணும்."

ரெக்கார்டரை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: இஷ்டமில்லாவிட்டால் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் அழிக்கச் சொல்லலாம், சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். கடைசியில் வருவது அந்தக் கேள்வி. அதைக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியாது.

"உங்களுக்கு வேற ஒரு பேரு சொல்லுங்க."

அவள் வெளியே பார்த்தாள். வார்டுக்கு வெளியே குழாயடியில் பாக்டரிக்காரர் மனைவி தூக்கு கழுவிக்கொண்டிருந்தாள். ஜீப்காரர் மனைவி அவளைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, அவளுடைய முழுப் பெயரைச் சொன்னாள். ஞானஸ்நானப் பெயர், மஸ்டரில் கூப்பிடும் அதே பெயர்.

நான் பாய்ந்து ரெக்கார்டரை நிறுத்தினேன். அவள் சிரித்தாள். தையல் போட்ட உதட்டிலிருந்து ரத்தம் கசிகிற அளவுக்குச் சிரித்தாள்.

"பயந்துட்டியளா? ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவருதான டீச்சர். அவ தோட்டக் கழட்டிக் கிண்ணத்துல போடுத சத்தம் வருசக்கணக்கா கேக்கேன். கேட்டதும் நான் எழும்பி எங்க டிவியக் கூட்டிருவேன்."

பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். ரெக்கார்டரை என் பக்கம் தள்ளினாள்.

"ஆன் பண்ணுங்க. இனி வேற எவ பேரும் வேண்டாம், என் பேரையே போடுங்க. அதுக்கு உண்டான அடி முழுசும் நான் வாங்கியாச்சு."